‘அடியேன்’ என்று சொன்ன பிறகு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தேர்வுக் காலத்தில் கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்துக்குச் சென்ற அடியார்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கெடில நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் தேவநாதப் பெருமாளையும் செங்கமலத் தாயாரையும் சேவித்துவிட்டு ஔஷதகிரியின் படிகளில் ஏறினால், ஹயக்ரீவர் சந்நிதிக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கையில் பேனா, தேர்வு நுழைவுச் சீட்டு. பெற்றோர் கையில் ஏலக்காய் மாலை. அர்ச்சகர் ஸ்வாமி அவற்றைத் திருவடியில் வைத்துத் திருப்பித் தருகிறார். பிள்ளைகள் மதிப்பெண் கேட்கிறார்கள். கேட்கட்டும், அவர்கள் வயதுக்கு அது நியாயமான விண்ணப்பம்தான்.

ஆனால் பரிமுகப் பெருமாள் வாக்குக்கும் ஈசன். நன்றாகப் பேசும் நாவை அவனிடம் கேட்பவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? அடியேன் போன்ற அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இனித் தேர்வு எதுவும் இல்லை. மருமகளிடமும், பக்கத்து வீட்டாரிடமும், கோஷ்டியில் உடன் அமர்ந்து சேவிப்பவரிடமும் என்ன சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பது மட்டும் தினந்தோறும் நடக்கும் தேர்வாக எஞ்சியிருக்கிறது.

இந்தக் குன்றில்தான் ஸ்வாமி தேசிகன் கருட மந்திரத்தை ஜபித்து, கருடாழ்வாரிடம் ஹயக்ரீவ மந்திரத்தை உபதேசமாகப் பெற்று, ஹயக்ரீவன் திருவருளுக்குப் பாத்திரமானார் என்பது நாம் அறிந்த வரலாறு. 1268-ஆம் ஆண்டு தூப்புலில் அவதரித்த அம்மகான், இத்தலத்தில் பல ஆண்டுகள் எழுந்தருளியிருந்து வடமொழியில் தேவநாயக பஞ்சாசத், பிராகிருதத்தில் அச்யுத சதகம், தமிழில் மும்மணிக்கோவை, நவமணிமாலை என்று மூன்று மொழிகளாலும் தேவநாதனைப் பாடினார். வாதத்தில் எவராலும் வெல்ல முடியாதவர். அப்படிப்பட்டவரை அவமதிக்க எண்ணிய சிலர், ஒரு சமயம் அவருடைய திருமாளிகை வாசலில் செருப்புகளைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டனர். அவர் யார் செய்தது என்று விசாரிக்கவில்லை. கர்மத்தைப் பற்றி நிற்பவர் சிலர், ஞானத்தைப் பற்றி நிற்பவர் சிலர். நாமோ அரியின் அடியார்களுடைய பாதுகைகளைப் பற்றி நிற்பவர் என்ற கருத்தில் ஒரு சுலோகம் அருளிச்செய்து, அந்தச் செருப்புகளின் கீழே தலைதாழ்த்திச் சென்றார். எல்லாரையும் வாதத்தால் வீழ்த்தக்கூடிய நாவு, தன்னை இகழ்ந்தவர்களை வீழ்த்தப் பயன்படவில்லை. வாக்கு வரமாகப் பெற்றவர் அதை எங்கே செலவிட்டார் என்பதைவிட எங்கே செலவிடவில்லை என்பதே அடியேனுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. செலவுக் கணக்கையே பார்த்துப் பழகிய வங்கிக்காரன் புத்தி என்று பாகவதர்கள் பொறுத்தருள வேண்டும்.

திருவஹீந்திரபுரத்திலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் தில்லைத் திருச்சித்திரகூடம். பேருந்தில் போகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். திருமங்கையாழ்வாரோ பெரிய திருமொழியில் இடைவெளியே இல்லாமல் போய்விடுகிறார்: மூன்றாம் பத்தின் முதல் திருமொழி திருவஹீந்திரபுரத்துக்கு, அடுத்த இரண்டும் திருச்சித்திரகூடத்துக்கு. கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் இச்சந்நிதி நடராஜர் சந்நிதியோடு ஒரே வளாகத்தில் அமைந்தது. ஓரிடத்தில் நின்றபடியே இருவரையும் காணலாம். 1539-இல் அச்சுதராயர் இங்கே கோவிந்தராஜரை மீண்டும் எழுந்தருளப்பண்ணியதற்கு முன்னும் பின்னும் நடந்த வழக்குகளை இங்கே விரிக்கப் போவதில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு யார் பெரியவர் என்று உரத்த குரலில் வினவும் யாத்ரிகரை அடியேன் பலமுறை கண்டிருக்கிறேன். விடை தெரிந்தவர்களும் அந்த நேரத்தில் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருப்பதே நல்லது.

சொல்லவந்த செய்தி வேறு. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் கடைசிப் பதிகத்தை, அதாவது பத்தாம் திருமொழியின் 11 பாசுரங்களை, இந்தத் திருச்சித்திரகூடத்துக்கே சமர்ப்பித்தார். அதில் ஸ்ரீராமாயணம் முழுவதையும் சுருக்கிப் பாடினார். ஆகவே தில்லைக்குப் போகும் வைஷ்ணவன் கையில் இராமாயணத்தோடு போகிறான் என்று கொள்ளலாம். அந்த இராமாயணத்தைப் பேச்சின் வரலாறாகவே வாசிக்க முடியும்.

பட்டாபிஷேகம் என்ற செய்தியைக் கூனி சொன்னபோது கைகேயி மகிழ்ந்து அவளுக்கு ஆபரணத்தைப் பரிசாகத் தந்தாள் என்று வால்மீகி பகவான் காட்டுகிறார். அந்த மகிழ்ச்சியைச் சில நாழிகைப் பேச்சு கோபமாக மாற்றிவிட்டது. ஆயுதம் எடுக்காமல், ஒரு சொல்லை அடுத்து இன்னொரு சொல்லாக வைத்து, அயோத்தி குலைக்கப்பட்டது. மறுநாள் காலை இராமபிரான் அந்த மாளிகைக்குள் நுழைந்தபோது தசரதன் வாய் திறக்கவில்லை, முகம் பார்க்கவில்லை. அப்போது பெருமாள் கைகேயியிடம் கேட்ட முதல் கேள்வியைக் கவனிக்க வேண்டும். நான் அறியாமல் ஏதேனும் பிழை செய்துவிட்டேனோ என்று கேட்டான். குற்றமற்றவன் கேட்ட கேள்வி இது. எதிரே இருப்பவர் முகம் வாடியிருந்தால், ‘உங்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று நாம் கேட்பதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பெருமாளின் கேள்வியில் அது இல்லை. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பின்னால் ஒரு திண்ணையில் இதை மறுபடியும் காண்போம்.

இனி ரிசியமுக பர்வதத்துக்குச் செல்வோம். சுக்ரீவன் அனுப்பத் திருவடி பிக்ஷு வேடத்தில் வந்து இருவரிடமும் பேசுகிறார். அவர் பேசி முடித்ததும் பெருமாள் இளைய பெருமாளிடம் சொன்ன பாராட்டு, பேச்சுக்கலை பற்றி அடியேன் அறிந்த எல்லாப் பாடங்களிலும் சிறந்தது. வேதம் கற்காதவன் இப்படிப் பேச முடியாது. இலக்கணத்தைப் பலமுறை கேட்டவன், இவ்வளவு பேசியும் ஒரு வழு இல்லை என்கிறான். பிறகு முகத்தைப் பற்றிச் சொல்கிறான்: முகத்திலோ கண்ணிலோ நெற்றியிலோ புருவத்திலோ ஒரு கோணல் தென்படவில்லையாம். அப்புறம் பேச்சின் அளவு: நீட்டி முழக்கவில்லை, ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை, இழுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை, நெஞ்சிலிருந்து எழுந்து மிடற்றில் நடுத்தரமான குரலில் ஒலித்தது என்கிறான். வாளை உருவி நிற்கும் பகைவன் மனமும் இந்தப் பேச்சில் மாறும் என்று முடிக்கிறான். கம்பநாட்டாழ்வார் ‘சொல்லின் செல்வன்’ என்று திருவடிக்குச் சூட்டிய பெயர் பிறந்த இடமும் இதுவே.

இதில் இரண்டு செய்திகளை ஆழ்ந்து பார்க்க வேண்டும். முதலாவது, இவ்வளவையும் கவனிக்கப் பெருமாள் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்! மனைவியைப் பிரிந்து காட்டில் அலையும் துயரத்தில் இருப்பவன். யாரோ ஒரு புதியவன் வந்து பேசுகிறான். அவனை இடைமறிக்காமல், தன் கதையைத் தொடங்காமல், புருவம் அசைந்ததா என்பதுவரை பார்த்திருக்கிறான். திருவடி பேச்சில் சிறந்தவர் என்றால் பெருமாள் கேட்பதில் சிறந்தவன். நம் வீடுகளில் பேசத் தெரியாதவர் என்று யாரையாவது குறை சொல்கிறோமே, அவர் பேசி முடிக்கும்வரை நாம் இருந்து கேட்டதுண்டா என்பது தனியே விசாரிக்கத் தக்கது.

இரண்டாவது, முகத்தைப் பற்றிய குறிப்பு. சொல்லோடு முகமும் சேர்ந்தே பொருள் தருகிறது என்பது பெருமாள் திருவுள்ளம். இன்று கடலூரில் இருக்கும் தாய் ஹூஸ்டனில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று ஒரு சொல் அனுப்புகிறாள். அவள் மனத்தில் அது சம்மதம். அவன் படிக்கும்போது அது கோபம். புருவத்தையும் குரலையும் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லை மட்டும் அனுப்பினால் இப்படித்தான் நேரும். எழுத்தில் அனுப்புகிறவர் ஒரு சொல் கூடுதலாக அனுப்பட்டும். கடினமான செய்தியானால் அழைத்துப் பேசட்டும். அழைப்பை எடுத்தவுடன் ‘ஏன் நேற்று அழைக்கவில்லை?’ என்று தொடங்காமல் இருந்தால், மறுநாளும் அழைப்பு வரும்.

அசோகவனத்தில் திருவடி இன்னும் ஒரு படி மேலே போகிறார். மரத்தின்மேல் அமர்ந்தபடி நெடுநேரம் யோசிக்கிறார். எதைச் சொல்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. எந்த மொழியில் சொல்வது என்பதே யோசனை. கற்றவர் பேசும் ஸம்ஸ்கிருதத்தில் பேசினால் பிராட்டி இராவணன் என்று எண்ணி அஞ்சக்கூடும். ஆகையால் மனிதர் வழங்கும் எளிய பேச்சைத் தேர்ந்துகொள்கிறார். உடனே எதிரில் குதிக்கவும் இல்லை. தசரதன் என்றொரு மன்னன் இருந்தான் என்று தொடங்கி, பிராட்டியின் செவிக்கு எது இனியதோ அந்த இராம கதையை மெல்லச் சொல்கிறார். தமக்குத் தெரிந்த மொழி அனைத்திலும் வல்லவர், தம் வன்மையைக் காட்டும் மொழியை விலக்கிவிட்டு, கேட்பவர் அஞ்சாத மொழியைக் கொண்டார். மணிப்பிரவாள வியாக்கியானத்தைக் கரைத்துக் குடித்த சில பெரியவர்கள், பத்து வயதுப் பேரனுக்குத் திருப்பாவை சொல்லும்போதும் அதே நடையில் சொல்கிறார்கள். பேரன் ஓடிவிடுகிறான். ஓடியவன்மேல் குற்றமில்லை.

திரும்பி வந்து செய்தி சொன்ன வரிசையும் அப்படியே. பிராட்டியைக் கண்டேன் என்பதை முன்னால் வைத்தார். கடல் தாண்டியது, இலங்கை எரித்தது எல்லாம் பின்னால். தவித்துக்கொண்டிருப்பவனுக்கு எது முதலில் வேண்டும் என்று அறிந்து அதை முதலில் கொடுத்தார்.

அடியேன் வணிகவியல் படித்து, 35 ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணி செய்தவன். வேதாந்தம் காலக்ஷேபத்தில் காதில் விழுந்த அளவே. ஆனால் இந்த வரிசையைக் கவுண்டரில் கண்டிருக்கிறேன். கணவரை இழந்த ஓர் அம்மையார் அவருடைய கணக்கிலிருந்த பணத்துக்காக வந்தார். முதல் கவுண்டரில், ‘வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது’ என்றார்கள். அவர் கண் கலங்கி நின்றார். அடுத்த மேசையிலிருந்த மூத்த எழுத்தர் அவரை உட்காரச் சொன்னார். ‘அம்மா, பணம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்குத்தான் வரும். அதற்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். எங்கே வாங்குவது என்று எழுதித் தருகிறேன்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். இருவரும் சொன்ன விதி ஒன்றே. சர்க்குலரில் ஓர் எழுத்து மாறவில்லை. முதலாமவர் பொய் சொல்லவில்லை. இரண்டாமவர் சலுகை தரவில்லை. அந்த அம்மையார் மட்டும் நேராக நடந்து வெளியே போனார். அந்த எழுத்தர் சுந்தர காண்டம் பாராயணம் செய்பவரா என்று அடியேன் கேட்டதில்லை.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் வாக்கால் செய்யும் தவத்தை விளக்குகிறான். மெய்யாக இருத்தல், இனிதாக இருத்தல், நன்மை தருதல் ஆகிய அனைத்தையும் சொல்கிறான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கேட்பவர் மனத்தைக் கலக்காமல் இருத்தலை வைக்கிறான். மெய் இரண்டாவதாகத்தான் வருகிறது. ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்று நாம் சொல்லும் சமாதானம், இந்தச் சுலோகத்தின் முன்னால் பாதிதான் நிற்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வெளிநாட்டு நகரம் ஒன்றில் வாரந்தோறும் ஓர் இல்லத்தில் திவ்யப்பிரபந்த கோஷ்டி நடக்கிறது. உறவினர் ஒருவர் மூலம் அடியேன் அறிந்த செய்தி. அங்கே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன், தமிழ் எழுத்து அறியாதவன், பாசுரங்களை வேற்று எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சேவிக்க வந்தான். ழகரமும் ளகரமும் அவன் நாவில் ஒன்றாகிவிட்டன. கோஷ்டியில் மூத்தவர் ஒருவர் பாசுரத்தின் நடுவில் கையை உயர்த்தி நிறுத்தி, அவன் சொன்னபடியே சொல்லிக் காட்டிச் சிரித்து, பிறகு திருத்தினார். சிலரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அவனை அழைத்து வந்த தாயாரும் வரவில்லை. ‘பாசுரம் பிழைபடலாமா? சரியானதைத்தானே சொன்னேன்’ என்பது அந்தப் பெரியவரின் பதில்.

பாசுரம் பிழைபடக் கூடாது. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் பிழையைத் திருத்த நம் பெரியோர் வைத்துப்போன முறை எது? சந்தை. ஆசிரியர் ஒரு முறை சொல்வார். மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து இரு முறை சொல்வார்கள். தவறினால் ஆசிரியர் அந்த இடத்தை மறுபடி சொல்வார். எல்லாரும் மறுபடி இரு முறை. யார் தவறினார் என்பது யாருக்கும் தெரியாமலே தவறு கழிந்துவிடும். இத்தனை அழகான ஏற்பாடு கையில் இருக்க, கையை உயர்த்தி நிறுத்துவானேன்? கோஷ்டி முடிந்து தீர்த்தம் சாதித்தபின் அவனைத் தனியே அழைத்து, ‘நீ வந்ததில் சந்தோஷம், இந்த ஒரு எழுத்தை நாம் இருவரும் சேர்ந்து பழகலாமா?’ என்றிருந்தால் ஐந்து நிமிடமே ஆகியிருக்கும்.

நம் சம்பிரதாயத்தில் ‘அடியேன்’ என்று சொல்லாமல் வாய் திறப்பதில்லை. எதிரே இருப்பவர் ‘ஸ்வாமி’, ‘தேவரீர்’. வீடு திருமாளிகை, சமையல் தளிகை, ரசம் சாற்றமுது. இவ்வளவு மரியாதையான பரிபாஷை வாய்க்கப்பெற்ற நாம், அதே வாயால் கலை வேற்றுமை பேசும் குழுக்களில் என்னென்ன எழுதுகிறோம்! ‘அடியேன் விஞ்ஞாபனம்’ என்று தொடங்கும் செய்தி மூன்றாம் வரியில் சொல்லக்கூடாததைச் சொல்கிறது. அடியேன் என்பது உண்மையானால், எதிரே இருப்பவர் எம்பெருமானுக்குச் சேஷப்பட்டவர். நம் நாவும் நம்முடையதன்று. பிறர் உடைமையைப் பிறர் உடைமையின்மேல் எறிய நமக்கு ஏது அதிகாரம்?

அப்படியும் சொல் தவறிவிடும். பிராட்டியே மாரீசன் குரல் கேட்ட கலக்கத்தில் இளைய பெருமாளைச் சுடுசொல் சொன்னாள். நம் ஆசார்யர்கள் அதை நடுங்கியே பேசுவர். ஆனால் அதன் மறுபாதியை நாம் போதிய அளவு பேசுவதில்லை. அசோகவனத்தில் திருவடியிடம் செய்தி சொல்லி அனுப்பும்போது பிராட்டி இளைய பெருமாளை நினைக்கிறாள். பெருமாளைத் தந்தையாகவும் என்னைத் தாயாகவும் கருதி நடந்தவன், நான் கவரப்பட்டதை அப்போது அறியாதவன், அவனை நலம் விசாரித்ததாகச் சொல் என்று மனமுருகச் சொல்கிறாள். முன்பு அவனுடைய உள்நோக்கத்தையே ஐயுற்றவள், இப்போது மூன்றாமவர் முன்னிலையில் அவன் நெஞ்சத் தூய்மைக்குத் தானே சாட்சி சொல்கிறாள். ரிசியமுகத்தில் பெருமாளும் திருவடியின் புகழை நேரே அவரிடம் சொல்லாமல் தம்பியிடம் சொன்னான் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். முகத்துக்கு எதிரே புகழ்வது உபசாரமாகிவிடலாம். இன்னொருவரிடம் சொன்ன நல்ல சொல் சுற்றிச் சுற்றி வந்து சேரும்போது ஐயமின்றி நம்பப்படுகிறது. மருமகளைப் பற்றிச் சம்பந்தியிடம் ஒரு நல்ல சொல் சொன்ன மாமியார்கள் இதை அறிவர்.

முன்னே சொன்ன திண்ணைக்கு இப்போது வருகிறேன். திருவரங்கத்தில் நம்பிள்ளையின் காலக்ஷேபத்துக்குக் கூடிய கூட்டம் பெரிது. முதலியாண்டான் வம்சத்தில் வந்த கந்தாடை தோழப்பருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் நம்பெருமாள் சந்நிதியிலேயே, பலர் முன்னிலையில், நம்பிள்ளையை இகழ்ந்து பேசிவிட்டார். நம்பிள்ளை ஒரு சொல்லும் மறுமொழி கூறாமல் பெருமாளைச் சேவித்து வெளியேறினார். செய்தி தோழப்பரின் தேவியாருக்கு எட்டியது. அந்த அம்மையார் கணவரிடம், பெருமாள் முன்னிலையில் ஓர் ஆசார்யரிடம் அபசாரப்பட்டீரே என்று தெளிவாக எடுத்துரைத்தார். தோழப்பருக்கு உறைத்தது. நம்பிள்ளை திருமாளிகைக்குப் போய் மன்னிப்பு வேண்டுவதென்று இரவில் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் காத்திருந்தார். நம்பிள்ளை.

தோழப்பர் வாய் திறக்கும் முன்பே நம்பிள்ளை தண்டன் சமர்ப்பித்து, முதலியாண்டான் திருவம்சத்தவர் திருவுள்ளம் சீறும்படி அடியேன் ஏதோ அபசாரப்பட்டிருக்க வேண்டும், பொறுத்தருள வேண்டும் என்று விண்ணப்பித்தார். கைகேயி மாளிகையில் பெருமாள் கேட்ட அதே கேள்விதான். இகழ்ந்தவர் வருந்துவார், இகழப்பட்டவர் காத்திருப்பார் என்பது உலக வழக்கு. இங்கே இகழப்பட்டவர் முன்னால் வந்துவிட்டார். தோழப்பர் அவரை எடுத்து அணைத்து, உம்மைச் சிலருக்கு ஆசார்யர் என்று எண்ணியிருந்தேன், நீரோ உலகுக்கே ஆசார்யர் என்று சொல்லி ‘லோகாசார்யர்’ என்னும் திருநாமம் சாற்றினார்.

நம்பிள்ளையின் சீடரான வடக்குத் திருவீதிப்பிள்ளை, தம் திருக்குமாரருக்கு அந்தத் திருநாமத்தையே இட்டார். அவரே பிள்ளை லோகாசார்யர். நமக்குத் தீங்கிழைத்தவரிடம் பொறுமையும் இரக்கமும் சிரிப்பும் உகப்பும், அவர் செய்தது உபகாரம் என்னும் நினைவும் வேண்டும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் அருளிச்செய்தவர். லோகாசார்யர் என்று நாம் தனியனில் அநுஸந்திக்கும் திருநாமம், ஓர் இரவில் கந்தாடை தோழப்பர் திருமாளிகைத் திண்ணையில் பிறந்தது.

அடியேன்
ராமாநுஜ தாஸன்